ஆளில்லாத் தீவுக்கு எட்டு இசைத்தட்டுகள்

ஆளரவமற்ற தீவொன்றிலே தனித்து விடப்பட்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளை உடன் கொண்டு செல்வீர்? இந்த ஒரே வினாவை மூலதனமாகக் கொண்டு இங்கிலாந்தின் பி. பி. சி. வானொலி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நிகழ்ச்சியை நடத்தி வருகின்றது. 1942ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், உலகப் போரின் நெருக்கடிக்கு நடுவே, ரோய் புளொம்லி என்பார் அதனைத் தொடக்கினார். 1985இல் மறையும்வரை அவரே அதை நடத்தினார். அவருக்குப் பின்னர் வேறு பலர் நடத்தியும் நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. புகழ் பெற்ற ஒருவரை அழைத்துவந்து, கற்பனைத் தீவிலே கரையேற்றி, எட்டுத் தட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பது அதன் முறை. விவிலியமும் சேக்சுபியரும் தீவிலே முன்னரே இருக்கும்; அவற்றோடு இன்னொரு நூலையும், உயிர் வாழ்வதற்கு உதவாத ஓர் ஆடம்பரப் பொருளையும் கொண்டு செல்லலாம்.

விளையாட்டுப் போலத் தோன்றினும் இது பொல்லாத வினா. எட்டைத் தேர்ந்தெடுப்பது எளிது; எட்டுக்கு அப்பாற்பட்டவற்றைத் தள்ளுவதன்றோ கடினம்! தள்ளும்பொழுது ஒருவரின் உள்ளம் வெளிப்பட்டுவிடுகின்றது. 1958இல் அந்நிகழ்ச்சிக்கு வந்த எலிசபெத் சுவார்ட்ஸ்கோப் என்ற இசையரசி, எட்டில் ஏழு தட்டுகளைத் தாம் பாடியவையாகவே தெரிந்தெடுத்தார். அதைச் சொல்லி நகைப்போர் இன்றும் உளர். நகைப்பதற்கு முன் நாம் ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தால் நல்லது.

அந்த நிகழ்ச்சியின் தொடக்க இசையோடு கடற்பறவைகளின் குரல் கலந்து வரும். வெப்பமண்டலத் தீவுக்கு வடகடற் பறவை ஏது என்று அங்கே குறை கூறியவர்கள் உண்டு. மன்னார்க் கரையில் நிற்பவனுக்கு அந்தக் குறை தோன்றாது. வடதிசைக் குளிருக்கு அஞ்சிய கடற்காக்கைகள் மாரிகாலந்தோறும் இங்கே கூட்டங் கூட்டமாக வந்து இறங்குகின்றன. தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் மணற்றிட்டுகள், பறவைகளுக்கே உரிய இடங்கள். இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் அவற்றுக்குப் பெயர். மரமில்லை, நிழலில்லை, குடிநீரும் இல்லை. இலண்டன் வானொலியார் கற்பனையிலே படைத்த தீவை எமக்கு இறைவன் கண்முன்னே வைத்திருக்கிறான். ஆகவே எனது பட்டியலைக் கற்பனைத் தீவுக்காக எழுதாமல், அத்திட்டுகளில் ஒன்றுக்காகவே எழுத எண்ணினேன்.

ஒரு விதியையும் வகுத்துக்கொண்டேன். எனக்குப் பிடித்தவை என்பது மட்டும் போதாது. இந்தக் கடலோடும் கரையோடும் தொடர்புடையனவாகவும் இருத்தல் வேண்டும். பழைய கிராமபோன் தட்டையே அளவாகக் கொள்கிறேன். அரக்கால் ஆன அந்தப் பத்தங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்று, பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். 1948இல் நீள்நேரத் தட்டு வந்த பின்னரே ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட இசை அடங்கிற்று.

முதலாவது தட்டு, திருக்கேதீச்சரத் தேவாரம். ஏழாம் நூற்றாண்டினராகிய சம்பந்தரும் அவருக்குப் பின் வந்த சுந்தரரும் இத்தலத்தைப் பாடினர். இருவரும் கடலைக் கடந்து வந்திலர். இராமேசுவரத்துக் கரையில் நின்றே இக்கரைப் பெருமானைப் பாடினர் என்பது மரபு. ஆகவே, நான் நிற்கப் போகும் அந்த மணற்றிட்டுகளுக்கு மேலாகவே அவ்விசை வந்திருத்தல் வேண்டும். சம்பந்தர் பதிகத்துக்கு நட்டராகமும் சுந்தரர் பதிகத்துக்கு நட்டபாடையும் பண்ணாக வகுக்கப்பட்டுள்ளன. தருமபுரம் சுவாமிநாதன் போன்ற ஓதுவாமூர்த்திகளின் பாணியிலே, பக்கவாத்தியங்களின் ஆரவாரமின்றி, சொல் தெளிவாக ஒலிக்கும் ஒரு குரல் எனக்கு வேண்டும்.

அதற்குக் காரணம் பக்தி மட்டுமன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர். கோயில் இருந்த இடத்தைக் காடு மூடிற்று. கல் போயிற்று, பாட்டு நின்றது. மாதோட்டத்திலே, பாலாவிக் கரையிலே ஒரு கோயில் இருந்தது என்ற செய்தியை அடியார்களின் நாவிலே காத்து வந்தவை அந்த இரண்டு பதிகங்களே. 1872இல் ஆறுமுக நாவலர் அதைப் புதுப்பிக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். 1894இல் பழைய சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. 1976இல் புதுக்கிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கோயில் பாட்டைக் காப்பது உலக வழக்கு. இங்கே பாட்டுக் கோயிலைக் காத்தது.

இரண்டாவது தட்டைக் கேட்டு நேயர்கள் வியத்தல் கூடும். அது பிரெஞ்சு மொழிப் பாட்டு. ஜோர்ஜ் பிசே என்ற இளைஞர் தமது இருபத்துநான்காம் வயதில் இயற்றிய ‘முத்துக்குளிப்போர்’ என்ற இசைநாடகம் 1863ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் பாரிசு நகரில் அரங்கேறிற்று. கதை நிகழும் இடம் பழங்கால இலங்கை. அதில் நண்பர் இருவர் சேர்ந்து பாடும் பாட்டு ஐரோப்பாவிலே மிகப் பெரும் புகழ் பெற்றது. பிசே இலங்கையைக் கண்டவரல்லர். அவருடைய மாந்தரின் பெயர்களில் ஒன்றேனும் தமிழ்ப் பெயரில்லை. இலங்கையில் முத்துக்குளிப்பு என்றால் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் எங்கள் கரையோரத்தைத்தான் குறிக்கும். அந்த உப்புக் காற்றில் ஒரு துளியும் அவர் இசையிலே வீசவில்லை.

ஆயினும் ஓரிடத்தில் அவர் உண்மையின் அருகே வந்துவிடுகிறார். முத்துக்குளிப்போருக்குத் தீங்கு நேராதபடி, முகத்திரை அணிந்த கன்னியொருத்தி பாறைமீது நின்று பாடுவதாக அந்நாடகம் அமைந்துள்ளது. மெய்யான முத்துக்குளிப்பிலும் அத்தகைய காவலர் ஒருவர் இருந்தார். கடல்கட்டி என்பது அவர் பெயர். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அவருக்குத் தெரியும் என்று நம்பினர். அவர் வந்து நின்று ஓதாவிடின் குளிப்பவர்கள் கடலில் இறங்கார். ஆங்கில அரசாங்கத்தார் அதை நம்பவில்லை. எனினும் குளிப்பு நடைபெற வேண்டுமென்று அவரைச் சகித்துக்கொண்டனர். பிசேயின் கன்னிக்குத் தட்டுகள் உண்டு. எங்கள் கடல்கட்டிக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குறையை நினைவூட்டவே இரண்டாவது தட்டை எடுத்துச் செல்கிறேன். பாட்டு அழகானது என்பதையும் மறுக்கமாட்டேன்.

மூன்றாவது, எஸ். ஜி. கிட்டப்பா. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து தனுக்கோடிக்குப் புகையிரதம், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் கொழும்புக்குப் புகையிரதம் என்று ஒரு பெரும் பாதை அமைந்தது. அரிசியும் துணியும் போலவே இசையும் அப்பாதையால் வந்தது. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் இலங்கை மேடையிலே இணைந்த வரலாற்றை அறியாத நாடக அன்பர் இல்லை. 1933இல், முப்பது வயது நிரம்புமுன்னே, கிட்டப்பா மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அவருடைய குரல் எமக்கு எஞ்சியதெல்லாம் அந்த மூன்று நிமிடத் தட்டுகளிலேதான். தட்டு என்ற கருவி மட்டும் இல்லாதிருந்தால் அவரும் ஒரு கதையாகவே முடிந்திருப்பார். தனுக்கோடியை 1964ஆம் ஆண்டு திசெம்பர் மாதப் புயல் அழித்துவிட்டது. தலைமன்னார்ப் பாதை 1990இல் நின்று, 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது, கப்பல் திரும்பவில்லை. பாதை அறுந்தது; அப்பாதையால் வந்த குரல் மட்டும் இன்றும் கேட்கிறது.

நான்காவது, திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளையின் தோடி. இதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை. எனினும் ஒன்று கூறுவேன். நாதசுரம் சுவருக்குள்ளே அடங்கும் கருவியன்று. வீதியிலும் வெட்டவெளியிலும் ஊதுவதற்காகவே பிறந்தது. சுவரே இல்லாத மணற்றிட்டுக்கு அதனிலும் ஏற்ற கருவி எது? 1956இல் மறைந்த அம்மேதையின் தோடியைக் கேட்கையில், மறுபக்கத்தில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் இருக்கக்கூடாதா என்ற பேராசையும் எழுகின்றது. இலங்கைத் தவிலைத் தமிழகத்தார் வியந்து கேட்கச் செய்தவர் அவர். 1975இல் அவரும் போய்விட்டார்.

ஐந்தாவது, நாகூர் ஈ. எம். ஹனிபா. ஏழு பத்தாண்டுகளுக்கு அண்மையாக ஒலித்து, 2015இல் ஓய்ந்த வெண்கலக் குரல் அது. எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களை நினைக்கும்போது அக்குரலை நினையாதிருக்க முடியாது. ஆயினும் அது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய குரலன்று. தமிழ் அறிந்த எவரும் அதனை வழிமறித்ததில்லை. இத்தட்டை நான் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அதைப் பின்னர்க் கூறுவேன்.

இதுவரை ஐந்து. இவ்வைந்தையும் பெட்டியிலே வைத்து, கைப்பிடியைச் சுழற்றிக் கேட்கலாம். எஞ்சிய மூன்றிலேதான் சங்கடம் தொடங்குகிறது.

ஆறாவது, பசாம். தவக்கால இரவுகளிலே மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில் இயேசுநாதரின் பாடுகளை உருகிப் பாடும் ஓசைக்கு அது பெயர். ஒருவர் தொடங்க, பலர் பற்றிக்கொள்வர். மரண வீட்டு ஒப்பாரிக்கும் தேவாலயக் கீதத்துக்கும் இடைப்பட்டதோர் ஓசை அது. அதன் பின்னணியில் யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற பெரியார் நிற்கிறார். கோவாவிலே பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய நாளிலே தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் செய்தவர். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றும் தவக்காலத்திலே வாசிக்கப்படுகின்றது. நூல் கிடைக்கும், அதை எழுபது வயது மூதாட்டி எந்த ஓசையில் இழுப்பாள் என்பது நூலில் இல்லை.

ஏழாவது, நாட்டுக்கூத்து. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று எங்கள் மாவட்டத்திலே இரு பாங்குகள் உண்டு. ஓரிரவில் ஆடி முடிக்கத் தக்கதாகச் சுருக்கிய வாசகப்பாவும் உண்டு. ‘என்றீக் எம்பரதோர்’ என்ற பெயரைப் பாருங்கள்: என்றீக் என்னும் பேரரசனின் கதை, பெயரிலே போர்த்துக்கேயம், விருத்தத்திலே தமிழ். 1560இல் மன்னாரைக் கைப்பற்றியவர்களின் மொழியை எங்கள் புலவர்கள் இவ்வாறு வசப்படுத்திக்கொண்டனர். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்நாடகத்தையும், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகியவற்றையும் அச்சேற்றினார். அது மறக்கலாகாத தொண்டு. ஆனால் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு மணிக்கு முடியும் கூத்தைப் பழைய தட்டிலே ஏற்றினால் என்னவாகும்? கணக்குப் பார்த்தேன்: 540 நிமிடம், 180 பக்கம், 90 தட்டுகள்! எட்டுத் தட்டுத் தீவிலே எங்கள் கூத்துக்கு இடமில்லை.

எட்டாவது, அம்பா. கரைவலை இழுப்போர் பாடும் பாட்டு அது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஒரே குரலாக ஏற்றுப் பாடுவர். பாட்டின் தாளமே கயிற்றின் தாளம். அன்றைய பாடும், கடலின் குணமும், சம்மாட்டியைப் பற்றிய நையாண்டியும் அதனுள்ளே அப்போதைக்கப்போது நுழைந்துகொள்ளும். இதைத் தட்டிலே ஏற்றி, தனி ஒருவனாகத் திட்டில் அமர்ந்து கேட்டால் என்ன பயன்? வலையும் இல்லை, இழுக்கத் துணையும் இல்லை. அம்பா கேட்பதற்கான இசையன்று. சேர்ந்து இழுப்பதற்கான இசை.

இங்கேதான் இலண்டன் வானொலியாரின் வினாவுக்குள் இரண்டு துணிபுகள் மறைந்து கிடப்பதைக் காண்கிறேன். இசை என்பது பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லத்தக்க பொருள் என்பது ஒன்று. அதை ஒருவன் தனியே இருந்து கேட்டாலே போதும் என்பது மற்றொன்று. கிட்டப்பாவுக்கும் தோடிக்கும் இவை பொருந்தும். பசாமுக்கும் கூத்துக்கும் அம்பாவுக்கும் பொருந்தா. அவற்றை எடுத்துச் செல்ல வேண்டுமாயின் ஓர் ஊரையே எடுத்துச் செல்லல் வேண்டும்.

நூலையும் ஆடம்பரப் பொருளையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். விவிலியத்தோடு திருக்குறளையும், சேக்சுபியருக்குப் பதிலாகக் கம்பனையும் தீவிலே வைத்துவிடும்படி வேண்டுவேன். அணை கட்டிய இடத்திலேயே அமர்ந்து அணை கட்டிய படலத்தைப் படிக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டும்! என் சொந்த நூலாக, வித்தியானந்தனார் அச்சேற்றிய மன்னார் நாடகங்களில் ஒன்று. ஆடம்பரப் பொருளாக, கிராமபோன் ஊசிப் பெட்டி ஒன்று. பக்கத்துக்கு ஓர் ஊசியென மாற்றாவிடின் தட்டுத் தேய்ந்துவிடும் என்பது அக்காலத்து அறிவுரை.

இனி, நான் பின்னர்க் கூறுவதாகச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். ‘எதை எடுத்துச் செல்வீர்?’ என்பது இக்கரையில் விளையாட்டாக மட்டும் கேட்கப்பட்ட வினா அன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்கள், குறுகிய தவணைக்குள், வீடும் வாசலும் விட்டு, படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தன. தலைமுறைகளாக ஒன்றாய் வாழ்ந்த ஊர்கள் ஒரு சில நாட்களில் வெறுமையாயின. ஹனிபாவின் குரலை நான் எடுத்துச் செல்வது அந்த வெறுமையை மறவாதிருப்பதற்காக. அதே போர்க்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் இராமேசுவரத்தை நோக்கிப் படகேறின. படகோட்டிகள் அவர்களிற் சிலரை, நான் மேலே கூறிய மணற்றிட்டுகளிலேயே இறக்கிவிட்டுத் திரும்பினர். போர் 2009இல் முடிந்தது. ஆயினும் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பொருளாதார நெருக்கடியால் நாட்டை விட்டோடிய குடும்பத்தினர் சிலர், கைக்குழந்தையோடு அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள திட்டொன்றில் தவித்து நிற்க, இந்தியக் கடலோரக் காவற்படை அவர்களை மீட்டது.

அவர்களிடம் எவரும் எட்டு இசைத்தட்டுக் கேட்கவில்லை. தட்டு எடுத்துச் செல்லும் பயணமும் அன்று அது. தொண்டையிலே ஏறிய பாட்டு மட்டும் சுங்கமின்றிக் கடல் கடக்கும். ஆனால் ஒரு கூத்து ஒருவன் தொண்டையில் அடங்குவதன்று. அரசனின் பாட்டை அறிந்தவர் ஒரு நாட்டில், மந்திரியின் பாட்டை அறிந்தவர் வேறொரு நாட்டில், மத்தளகாரர் மறைந்து போக, அண்ணாவியார் முதுமையில் என்று சிதறிவிட்டால், கூத்து எங்கே இருக்கிறது? அம்பாவின் நிலையும் அதுவே. கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கிய கரைகளில், பாட்டுக்குரிய வேலையே போய்விட்டது. இயந்திரத்தை நான் நோகவில்லை. தோள் தேய்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வேலை மாறலாம், அதன் பாட்டுத் தெரியாமலே ஒரு தலைமுறை வளரவேண்டுமென்ற நியதி இல்லை.

ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கி இவ்விடத்தில் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். 1960களில் அறிஞர்கள் ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தனர், சொல்லை அச்சேற்றினர். ஓசையை ஊர்தோறும் பதிவதற்கு அன்று வசதி குறைவு. இன்று ஒவ்வொரு மாணவனின் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி கிடக்கின்றது. மூன்று நிமிட எல்லையும் இல்லை. 90 தட்டுக் கணக்கும் இல்லை. விடிய விடியப் பதியலாம். ஒரு பாடசாலை ஒரு தவணைக் காலத்தில் ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்ளட்டும். பேசாலையோ வங்காலையோ, தத்தம் ஊரிலே பாடத் தெரிந்த முதியவர் எவரென்று மாணவர் விசாரிக்கட்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், எவரிடம் கற்றார் என்ற செய்தி ஆகியவற்றையும் எழுதி வைக்கட்டும். பதிந்தபின் அதனைக் கோப்பிலே பூட்டிவிடாமல், கலைவிழாவிலே பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பாடட்டும். சேர்ந்து பாடினாலன்றி அது உயிர் பெறாது.

அச்சிட்ட நாடக நூலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் விருத்தம், கொச்சகம், தரு, சிந்து என்று குறித்திருக்கும். அந்தத் தரு எப்படிப் போகும் என்று நூலைக் கேட்டால் அது வாய் திறவாது. வாய் திறக்கக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் எம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் இந்த விடுமுறையிலேயே போய்க் கேட்போம்.